ஆறும் எல்லையும் அங்காடியும்

(கரமனையில் நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். இலக்கியம் பேச வல்லவர் இம்மேடையில் பலர் உளர். ஆகவே நாங்கள் இலக்கியத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, பள்ளியில் சமூக அறிவியல் என்னும் பெயரால் நடத்தப்பெறும் பாடத்தை எடுத்துக்கொண்டோம். புவியியல், குடிமையியல், பொருளியல் என்னும் மூன்று பிரிவுகளும் அதில் அடங்கும். தேர்வுக்கு முதல்நாள் இரவு உருப்போட்டு, தேர்வு முடிந்த மாலையே மறந்துவிடும் பாடம் என்று மாணவர் அதனைக் கருதுகின்றனர். நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினோம். எங்கள் கருத்தை மாற்றியது சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கான விண்ணப்பம் வந்தது. பெயர், பிறந்த நாள், தந்தையின் தொழில் ஆகியவற்றை எல்லாம் நிரப்பிவிட்டோம். ‘தாய்மொழி’ என்றொரு கட்டம் இருந்தது. வகுப்பில் பிள்ளை தனித்து நிற்கவேண்டாமே, எல்லோரும் எழுதுவதையே எழுதிவிடுவோம் என்று எண்ணி, ‘மலையாளம்’ என்று எழுதினோம். வற்புறுத்தியவர் ஒருவருமிலர். அருகில் இருந்த அவனுடைய அக்காள் அதனைப் பார்த்துவிட்டு, “தாத்தா, அம்மா நம்மோடு பேசுவது தமிழ்தானே? பிறகு ஏன் இப்படி?” என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. அந்த விடையைத் தேடப் புகுந்தபோதுதான் மேற்சொன்ன மூன்று பாடங்களும் நம் வாசலிலேயே கிடக்கின்றன என்பதை உணர்ந்தோம்.

நிலம் கற்பிப்பது

முதற்பாடம் புவியியல். இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8½ பாகையில் இருக்கிறது. திருநெல்வேலியும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. கதிரவன் இரண்டிடத்தும் ஒரே உயரத்தில்தான் நிற்கிறான். அவ்வாறாயின், இங்கே கொல்லைதோறும் தென்னையும் பலாவும் தழைக்க, அங்கே சிறிது தொலைவு கடந்ததும் பனையும் உடைமரமும் நிற்பது ஏன்?

விடை நடுவே நிற்கும் மலையில் இருக்கிறது. ஜூன் திங்களில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைமேல் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே செல்லும்போது அக்காற்றில் ஈரம் குன்றிவிடுகிறது. அப்பகுதியை மழைமறைவுப் பகுதி என்று நூலார் கூறுவர். நெல்லைச் சீமை தன் மழைக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வரும் வடகிழக்குப் பருவக்காற்றையே நம்பியிருக்கிறது. நமக்கோ இருபருவ மழையும் உண்டு.

அம்மலையின் தென்பகுதியில் ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் நிற்பது அகத்தியர் கூடம். தமிழ் முனிவர் உறைந்த பொதிகை என்று நம் முன்னோர் போற்றிய மலைத்திரள் அதுவே. அதன் கிழக்குச் சரிவில் தாமிரவருணி பிறந்து, நெல்லையை வாழ்வித்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் ஆறுகளுள் ஒன்றுதான் நம் கரமனை ஆறு. 68 கிலோமீட்டர் ஓடி, வழியில் கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு, கோவளத்திற்கு அண்மையில் பனத்துறையில் கடலை அடைகிறது. இந்நகரத்துக் குழாய்களில் வருவதும் இவ்வாற்றின் நீரே. அருவிக்கரையிலிருந்து 1933ஆம் ஆண்டில் குழாய்நீர் வரத் தொடங்கியது. பின்னர் மேலே பேப்பாறையில் 1983ஆம் ஆண்டு அணை எழுந்தது.

பிள்ளைகளே, இதனை மனத்திற் கொள்ளுங்கள். உங்கள் பாட்டனின் பாட்டன் தாமிரவருணி நீரைக் குடித்து வளர்ந்திருக்கலாம். நீங்கள் கரமனை ஆற்று நீரைக் குடிக்கிறீர்கள். இரண்டும் ஒரே மலையின் நீர். மலையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்கு வந்தவர் நாம்.

எவ்வழியாக வந்தோம்? மலைத்தொடர் தெற்கே தேய்ந்து முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. காற்று அங்கே இடைவிடாது வீசுவதனால்தான் முப்பந்தலில் இன்று காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. காற்று நுழைந்த அதே வாயிலில் மாட்டுவண்டிகளும் நுழைந்தன. உழவரும் வணிகரும் நெசவாளரும் சமையற்காரரும் கணக்கெழுதுவோரும் அவ்வழியே நாகர்கோவிலை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் கடந்து இக்கரைக்கு வந்தனர். நிலத்தின் அமைப்பு மக்கள் நடக்கும் வழியை வகுக்கிறது. புவியியலின் முதற்பாடம் இதுதான்.

அரசு கற்பிப்பது

இரண்டாவது பாடம் குடிமையியல். ஓர் அரசிற்கு நிலம் வேண்டும், மக்கள் வேண்டும், ஆளும் அமைப்பு வேண்டும், பிறர்க்குக் கட்டுப்படாத இறைமை வேண்டும் என்று பாடநூல் கூறும். இந்நான்கும் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கரமனையில் ஒரே வீட்டில் குடியிருந்த ஒரு மூதாட்டி தம் வாழ்நாளிலேயே கண்டிருக்க முடியும். பிறந்தபோது அவர் திருவிதாங்கூர் மன்னரின் குடி. 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தவர். 1956 நவம்பர் 1 முதல் கேரள மாநிலத்தவர். வீட்டுத் திண்ணை இருந்த இடத்திலேயே இருந்தது.

திருவிதாங்கூர்க்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28 சக்கரமும் 8 காசும் கிடைக்கும். அஞ்சல் என்னும் பெயரிலேயே தனித் தபால் துறையும் இருந்தது. நாணயமும் தபாலும் இறைமையின் அடையாளங்கள். அவை மறைந்தபோது, அதிகாரம் வேறிடம் சென்றுவிட்டது என்பதைச் சந்தைக்குச் சென்ற பாட்டியும் அறிந்துகொண்டார்.

ஆட்சியில் மக்களுக்குப் பங்கு கிடைத்ததும் படிப்படியாகவே. 1888ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் சட்டமன்றம் தோன்றியது. இந்திய மன்னராட்சி நாடுகளில் அதுவே முதலாவது. ஆயினும் அதன் உறுப்பினர் நியமிக்கப்பட்டவரே. 1904ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபை அமைந்தது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் 1948ஆம் ஆண்டில்தான் வந்தது.

வாக்கு மட்டுமா? தெருவில் நடக்கும் உரிமையும் அவ்வாறே போராடிப் பெறப்பட்டது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாச் சாதியாரும் நடக்கவேண்டும் என்று 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் அறப்போர் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து வந்து அதில் கலந்துகொண்ட பெரியார் ஈ. வெ. ராமசாமி திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. கரமனைத் தமிழர் என்று இன்று நாம் ஒன்றாய் அமர்ந்திருக்கிறோம். நம் முன்னோரிற் சிலர் அவ்வீதிகளுக்குள் இருந்தவர். சிலர் வெளியே நிறுத்தப்பட்டவர். இதனை மறைத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லுதல் ஆகாது.

இனி 1956க்கு வருவோம். மொழிவழி மாநிலம் என்னும் கொள்கை அவ்வாண்டு சட்டமாயிற்று. அதற்குமுன் தென்திருவிதாங்கூர்த் தமிழர், நேசமணி முதலிய தலைவர்களின் கீழ்ப் பெரும் போராட்டம் நடத்தினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் உயிர் நீத்தனர். முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டைப் பகுதியும் சென்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

அன்று நாகர்கோவிலில் இருந்த தங்கை வேறு மாநிலத்தவள் ஆனாள். கரமனையில் இருந்த அண்ணன் வேறு மாநிலத்தவன் ஆனான். கோடு களியக்காவிளையில் விழுந்தது. அதற்கு அப்பால் தமிழர் பெரும்பான்மையினர். இப்பால் நாம் மொழிச் சிறுபான்மையினர்.

கோடு எல்லாவற்றையும் பிரித்துவிடவில்லை என்பதும் உண்மையே. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதனைப் பராமரிப்பது கேரள அரசு. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை கடந்து, கரமனை வழியாகத் திருவனந்தபுரம் கோட்டைக்கு எழுந்தருளுகின்றனர். அரசுகள் மாறியும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை.

அங்காடி கற்பிப்பது

மூன்றாவது பாடம் பொருளியல். இதற்கு நாம் கிள்ளிப்பாலத்தைக் கடந்து சாலைக் கம்போளத்திற்கு நடந்தால் போதும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரத்துக்கு வேண்டிய பண்டங்கள் வந்து குவிவதற்காகத் திவான் இராஜா கேசவதாசன் அமைத்த கடைவீதி அது. நம்மவருட் பலர் கடை வைத்ததும், சுமை தூக்கியதும், கணக்கு எழுதியதும் அங்கேதான். அங்கே கடை நடத்திக்கொண்டே அத்தெரு மக்களின் வாழ்வைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் அவர்களுக்கு 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அங்கே ஒரு பூக்கடையின் முன் நில்லுங்கள். ஆவணி மாதத்தில் ஓணத்தின்போது வீட்டு வாசல்தோறும் பூக்கோலம் இடுவர். பத்து நாட்களில் பூவின் தேவை பன்மடங்கு பெருகுகிறது. தோவாளைச் சந்தைக்கு அது முன்கூட்டியே தெரியும். அந்நாளைக் கருதியே சில உழவர் செடி நடுகின்றனர். வரத்துக் குறைந்தால் விலை ஏறும். அனைவரும் ஒரே பூவைப் பயிரிட்டால் விலை சரியும். தேவை, வரத்து, விலை என்னும் மூன்று சொற்களையும் பூக்காரி நூல் படியாமலே அறிந்திருக்கிறாள்.

அடுத்து ஓர் அரிசிக்கடையைப் பாருங்கள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அந்த வயல்களுக்கு நீர் பாயத் திருவிதாங்கூர் அரசு பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906ஆம் ஆண்டில் முடித்தது. ஐம்பது ஆண்டு கழித்து அணையும் வயலும் வேறு மாநிலத்திற்குச் சென்றன. உண்பவர் இங்கே, விளைவிப்பவர் அங்கே என்றாயிற்று. 1960களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு வந்து, அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, பிறந்தகத்திலிருந்து மகளுக்கு அரிசி கொண்டுவந்த தாய்மார் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டவேண்டியிருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிலம் அரிசியைத் தந்தது; அரசு கோட்டை வரைந்தது; உலை அதற்கேற்பக் கொதித்தது. மூன்று பாடங்களும் ஒரே பானைக்குள் இருந்தன.

இது புதிதுமன்று. கும்பகோணத்தில் பிறந்து 1857 முதல் 1872 வரை இங்கே திவானாக இருந்த சர் டி. மாதவராவ், அரசே மிளகு வாணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த முறையை நீக்கினார். பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் 1865ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்து, எல்லைச் சுங்கத் தடைகளைப் பெரிதும் அகற்றினார். அதற்குப் பிறகும் விற்பனை வரிச் சாவடிகள் நம் காலம்வரை இருந்தன. 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி வந்ததும் அவையும் அகன்றன. ஒரு நூற்றாண்டில் திறக்கும் வாயில் மறுநூற்றாண்டில் மூடுவதும், பின் திறப்பதும் அரசின் முடிவைப் பொறுத்தன. அம்முடிவு வாக்காளரைப் பொறுத்தது.

வணிகம் மக்களையும் நகர்த்துகிறது. பாலராமவர்ம மன்னர் காலத்தில் தமிழ்நிலத்துச் சாலியர் குடும்பங்கள் கொணரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட ஊர்தான் நமக்குத் தெற்கே உள்ள பாலராமபுரம். அவர்கள் கைத்தறியில் நெய்த துணியையே இன்று கேரளத்தின் அடையாளம் என்று உலகம் போற்றுகிறது. வந்தேறிய குடி, வந்த நாட்டின் அழகைத் தன் கையால் நெய்திருக்கிறது.

ஆனால் பிள்ளைகளே, பொருளியலில் ஒரு நுட்பம் உண்டு. விலை வேறு, பயன் வேறு. தண்ணீர் இன்றி உயிர் இல்லை. அதன் விலை சிறிது. வைரம் இன்றி வாழலாம். அதன் விலை பெரிது. தமிழ் படித்தால் இவ்வூரில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோரை நாங்கள் குறைகூறவில்லை. வயிறு கேட்கும் கேள்வி அது. ஆயினும் அவர்கள் கேட்பது விலையை. பயனை ஒருவரும் கேட்பதில்லை. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத வீட்டில் என்ன இழப்பு நேர்ந்தது என்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

அந்தக் கட்டத்திற்கு மீண்டும்

இப்பொழுது விண்ணப்பத்தின் அச்சிறு கட்டத்திற்குத் திரும்புவோம்.

1956ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் 350 ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் பொருள். 29, 30ஆம் பிரிவுகள் மொழியைப் பேணவும் கல்வி நிலையம் நடத்தவும் உரிமை தருகின்றன. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டில் வந்தபோது, தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்தது.

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? அது எண்ணிக்கையால் உயிர் பெறுகிறது. ஒரு வகுப்பில் 10 மாணவர், அல்லது ஒரு பள்ளியில் 40 மாணவர் அம்மொழியினராக இருந்தால் ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று 1949ஆம் ஆண்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவை வகுத்தது. அந்தப் பத்தை எவ்வாறு எண்ணுவர்? நம் வீட்டுக்கு வந்து, நாம் பேசுவதை ஒட்டுக்கேட்டா எண்ணுவர்? அக்கட்டத்தில் நாம் எழுதியதைத்தான் எண்ணுவர். ஒன்பது வீட்டார் ‘தமிழ்’ என்று எழுதி, பத்தாவது வீட்டார் எங்களைப் போல் வேறு எழுதினால், அந்த ஒன்பது பிள்ளைகளின் வாய்ப்பையும் பத்தாமவர் அழித்தவராவார். அன்று எங்கள் பேனா செய்தது அச்செயலே.

மக்கள் கணக்கெடுப்பும் இவ்வாறே. தாய்மொழி என்பது, குழந்தைப் பருவத்தில் தாய் குழந்தையோடு பேசிய மொழி என்று அக்கணக்கெடுப்பு விளக்கம் தருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர். குறிக்காமல் விட்டவர் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் சொல்லாது. அடுத்த கணக்கெடுப்பு 2027ஆம் ஆண்டிற்கென அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பவர் வாசலில் வந்து கேட்கும்போது, நாம் சொல்லும் ஒரு சொல் நம் பேரர்களின் வகுப்பறை வரை செல்லும்.

இதனால் மலையாளத்தை மறுக்கச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். நமக்கு வேலையும் அண்டை வீட்டாரின் அன்பும் தந்த மொழி அது. அதனை நம் பிள்ளைகள் பிழையறக் கற்கவேண்டும், கற்கவும் செய்கின்றனர். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பேராசிரியராய் இருந்துகொண்டே 1891ஆம் ஆண்டில் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார் சுந்தரம் பிள்ளை. இம்மண்ணில் இருந்துகொண்டே தமிழை வளர்க்கலாம் என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

பெற்றோர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறோம். எந்த விண்ணப்பத்திலும் தாய்மொழிக் கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்தைப் படியுங்கள். விடுமுறை நாளொன்றில் அவர்களைக் கரமனைப் பாலத்தில் நிறுத்தி, இந்த நீர் எங்கிருந்து வருகிறது, இந்தச் சாலை எங்கே போகிறது, அந்த லாரியில் வரும் காய் எந்த ஊரில் விளைந்தது என்று கேளுங்கள். பாடநூல் அதன்பின் தானே விளங்கும்.

எங்கள் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை, பிள்ளையின் தாயாரோடு பள்ளிக்குச் சென்று, பிழையாக எழுதிவிட்டோம் என்று சொன்னோம். அங்கிருந்தவர் ஒன்றும் வினவாமல், அடித்துவிட்டுத் ‘தமிழ்’ என்று எழுதிக்கொண்டார். அதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அதுவரை குறுக்கே நின்றவர்கள் நாங்கள் மட்டுமே.

அப்பேரன் இன்று இவ்வவையில் இருக்கிறான். சாலைக் கம்போளத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை எதனைக் கண்டாலும் நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். ழகரம் இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. அதுவும் விரைவில் வந்துவிடும் என்று நம்புகிறோம்.